பெஹன்ஜியின் மேடையில் ஒரே ஒரு சோபா

2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. தொண்டர்கள் 'பெஹன்ஜி' (அக்கா) என்று கூப்பிடும் மாயாவதி பெரம்பூருக்கு வந்திருந்தார். இரண்டு நாள் முன்பு வெட்டிக் கொல்லப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்குக்கு அஞ்சலி செலுத்த வந்தவர். டீக்கடை டிவியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் "யாருண்ணே இந்தம்மா?" என்றான். உத்தரப் பிரதேசத்தில் நாலு தடவை முதலமைச்சரா இருந்தவங்க என்று சொன்னேன். "ஓ" என்றுவிட்டு செல்போனுக்குள் போய்விட்டான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்தான், "அதாம்ப்பா, யானை சிலையா வெச்சாங்களே, அந்தம்மா" என்று முடித்து வைத்தார்.

அந்தம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். இத்தனை நாள் ஆகிவிட்டது.

1977. நெருக்கடி நிலை முடிந்து ஜனதா ஆட்சி. டெல்லியில் சாதி ஒழிப்பு பற்றி ஒரு மாநாடு. மத்திய அமைச்சர் ராஜ் நாராயண் (இந்திரா காந்தியைத் தேர்தலில் தோற்கடித்தவர், சாதாரண ஆள் இல்லை) பேச்சுக்குப் பேச்சு 'ஹரிஜன்' என்கிறார். 21 வயது பள்ளி ஆசிரியை ஒருவர் மேடையேறி, எங்களை அந்தப் பெயரால் கூப்பிட நீங்கள் யார் என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். செய்தி, பின்னாளில் பகுஜன் சமாஜ் கட்சியை ஆரம்பித்த கன்ஷி ராம் காதுக்குப் போகிறது. சில நாளில் அந்த மனிதர் ஒரு ராத்திரி இந்தர்புரியில் இருந்த அந்த ஆசிரியையின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வீட்டுக்குள் பெண் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். கலெக்டர் ஆவதெல்லாம் என்ன, கலெக்டர்கள் கோப்போடு உன் முன்னால் வரிசையில் நிற்கும்படி செய்கிறேன் என்று கன்ஷி ராம் சொன்னதாகச் சொல்வார்கள். தபால் தந்தித் துறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. சண்டை முற்றி, பெண் வீட்டை விட்டே வெளியேறினார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1984-இல் கட்சி பிறந்த கையோடு கைரானாவில் நிற்கிறார், தோல்வி. 1985-இல் பிஜ்னோர் இடைத்தேர்தல். எதிரில் ஜகஜீவன் ராமின் மகள் மீரா குமார், இன்னொரு பக்கம் ராம் விலாஸ் பாஸ்வான். மூன்றாம் இடம். 1987-இல் ஹரித்வார், இரண்டாம் இடம். மூன்று தோல்வி! வேறு கட்சியாக இருந்தால் ஓரமாக உட்கார வைத்திருப்பார்கள். கன்ஷி ராம் நாலாவது தடவையும் நிறுத்தினார். 1989-இல் அதே பிஜ்னோரில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றி வாங்கிய ஓட்டு அது.

1995 ஜூன் 2 பற்றி இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. முலாயம் சிங் அரசுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிய மறுநாள், லக்னோ அரசு விருந்தினர் மாளிகையை சமாஜ்வாதிக் கட்சியினர் சூழ்ந்துகொண்டார்கள். கெட்ட வார்த்தை, அடிதடி. மாயாவதி ஓர் அறைக்குள் மணிக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அடுத்த நாளே பாஜக ஆதரவோடு முதலமைச்சர். வயது 39. இந்தியாவில் ஒரு தலித் பெண் முதலமைச்சர் ஆனது அதுவே முதல் தடவை.

அந்த ஆட்சி நாலரை மாதம்தான் நடந்தது. அதற்குள் லக்னோவில் பெரியார் மேளா நடத்தினார் என்பதை நம் ஊரில் பலர் மறந்தே போனார்கள். ராமர் அரசியல் செய்துகொண்டிருந்த கட்சியின் தயவில் ஆட்சியில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். பாஜக கொதித்தது. அக்டோபரில் ஆதரவை விலக்க அவர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

சரி, சிலைகளுக்கு வருவோம். லக்னோவில் அம்பேத்கர் பூங்கா, நொய்டாவில் இன்னொன்று, கட்சிச் சின்னமான யானைகள் கல்லில், கைப்பையோடு அவர் சிலையே. 2012 தேர்தலின்போது தேர்தல் ஆணையம் யானைகளையெல்லாம் மூடச் சொன்னது. அத்தனை யானைக்கும் போர்வை போர்த்திய படத்தைப் பார்த்து நானும் சிரித்தவன்தான். ஆனால் ஊருக்கு ஊர் நேரு சிலையும் இந்திரா சிலையும் நிற்கிற நாட்டில் 'மக்கள் பணம்' என்ற கேள்வி இவரிடம் மட்டும் ஏன் அவ்வளவு உரக்கக் கேட்கப்பட்டது? உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தானே சிலை வைத்தது அசிங்கம்தான், அதை மறுக்கவில்லை. 2010-இல் போட்டுக்கொண்ட ஆயிரம் ரூபாய் நோட்டு மாலையும் அப்படித்தான். ஊரக சுகாதாரத் திட்டத்தில் நடந்த ஊழலோ இதையெல்லாம்விட மோசம். அதைத் திட்டுங்கள், கூடவே நானும் திட்டுகிறேன். கைப்பையைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

2007-க்கு வருகிறேன். பிராமணர்களையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக 'பாய்சாரா' (சகோதரத்துவம்) கமிட்டி போட்டார். உயர்சாதியைச் செருப்பால் அடி என்ற கோஷத்தில் வளர்ந்த கட்சி, 'யானை இல்லை, இது கணேசன்' என்று கோஷத்தை மாற்றியது. 403-இல் 206 இடம். 1991-க்குப் பிறகு உத்தரப் பிரதேசத்தில் யாருக்கும் கிடைக்காத தனிப்பெரும்பான்மை. அடுத்த பிரதமரே அவர்தான் என்று டெல்லிப் பத்திரிகைகள் எழுதின.

அங்கிருந்து சரிவுதான். 2012-இல் 80. 2017-இல் 19. 2022-இல் ஒன்றே ஒன்று. மக்களவையில் 2014-இல் பூஜ்யம், முலாயம் சிங்கின் மகன் அகிலேஷோடு கூட்டு வைத்த 2019-இல் 10, மறுபடி 2024-இல் பூஜ்யம். சிபிஐ பயம், பாஜகவோடு ரகசிய ஒப்பந்தம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்குப் படுவது வேறு.

அவருடைய கூட்டங்களின் படங்களை எடுத்துப் பாருங்கள். பரந்த மேடை, நடுவில் பெரும்பாலும் ஒரே ஒரு சோபா. மற்ற தலைவர்கள் நிற்பார்கள், இல்லையென்றால் கீழே இருப்பார்கள். ஆதிக்கசாதிக்காரர்களும் எம்.எல்.ஏ.க்களும் ஒரு தலித் பெண்ணின் முன்னால் கைகட்டி நிற்கிற காட்சிக்கு ஒருகாலத்தில் பெரிய அர்த்தம் இருந்தது. கீழே தரையில் உட்கார்ந்திருந்த கிழவிக்கு அது வயிறு நிறைந்த மாதிரி. ஆனால் முப்பது வருடம் கழித்தும் பக்கத்தில் ஒரு நாற்காலி வரவில்லையே. சோனேலால் படேல் விலகிப் போனார், அப்னா தளம் என்று தனிக்கட்சி ஆரம்பித்தார். அவர் மகள் இன்று மத்திய அமைச்சர். பாபு சிங் குஷ்வாஹா, சுவாமி பிரசாத் மௌரியா, நசீமுத்தீன் சித்திகி... விலகியவரும் விலக்கப்பட்டவருமாகப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொருவரோடும் ஒரு சாதி ஓட்டும் கிளம்பிப் போனது.

கடைசியில் தம்பி மகன் ஆகாஷ் ஆனந்த். 2023 டிசம்பரில் வாரிசு என்றார். 2024 மே மாதம், தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, பக்குவம் போதாது என்று பதவியைப் பறித்தார். ஜூனில் திரும்பக் கொடுத்தார். 2025 மார்ச்சில் கட்சியை விட்டே நீக்கினார், ஏப்ரலில் மன்னித்துச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் பிள்ளைக்கு வண்டிச் சாவி கொடுக்கிற அம்மாக்கள்கூட இவ்வளவு தடவை மனம் மாற மாட்டார்கள்.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டுக்கு ராத்திரி நேரத்தில் தேடிப் போய், மூன்று தடவை தோற்றபிறகும் கைவிடாமல் நின்றார் ஒருவர். 2001-இல் தொண்டர்கள் முன்னிலையில் அந்தப் பெண்ணையே தன் வாரிசாகவும் அறிவித்தார். அப்படி உருவான தலைவர், தான் போய்க் கதவைத் தட்டியதாக ஒரு வீடுகூட எனக்குத் தெரிந்து இல்லை. கதவைத் தட்டியிருக்க வேண்டியவர்களில் ஒருவர் சஹாரன்பூர் பக்கத்துப் பையன், வக்கீல், சந்திரசேகர் ஆசாத். அத்தை என்று உறவு சொல்லிக் கூப்பிட்டவரை, எனக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை என்று மாயாவதி வெட்டிவிட்டார்.

ஆசாத் 2024-இல் தனிக்கட்சியாக நகீனா தொகுதியில் நின்று ஒன்றரை லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். யானைச் சின்னத்தில் நின்றவருக்கு டெபாசிட் போனது. நகீனா இருப்பது பிஜ்னோர் மாவட்டத்தில்.