"எத்தனை பேர்?" என்பது பாதிக் கேள்விதான்

நண்பன் ஒருவன் தனக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பதாக வந்த பரிசோதனை முடிவைக் காட்டியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேர்டா?" என்பதுதான். "ஒருத்திதான்" என்றான். நான் நம்பவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

துணைகள் கூடினால் ஆபத்து கூடும், சரி. ஆனால் நோய் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வருவதில்லை. அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், 18 மாதங்களில் யார் யாரோடு காதலிலோ உறவிலோ இருந்தார்கள் என்று விசாரித்துப் படமாக வரைந்தார்கள். 2004இல் வெளிவந்த ஆய்வு அது. 288 மாணவர்கள் ஒரே சங்கிலியில் கோர்த்துக் கிடந்தார்கள். நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் இணைத்த மன்மதன் என்று யாருமே இல்லை. பலருக்கு ஒன்றிரண்டு துணைதான். காதலியின் பழைய காதலன், அவனுடைய முந்தைய காதலி, அவளுடைய இன்னொருவன் என்று அது பாட்டுக்கு நீள்கிறது. ஒரு முனையில் நிற்கும் பையனுக்கு மறுமுனைப் பெண்ணோடு தனக்குத் தொடர்பு உண்டு என்று கனவில்கூடத் தோன்றியிருக்காது. இதில் ஒரு நல்லதும் உண்டு. இப்படி மெலிந்த சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி அறுந்தாலே அது இரண்டாகிவிடும். அந்தக் கண்ணி 'ஒழுக்கங்கெட்டவன்' ஆக இருக்க வேண்டிய அவசியமில்லை, யாராகவும் இருக்கலாம்.

காலமும் முக்கியம். உறவுகள் ஒன்று முடிந்து ஒன்று என்று போனால், புதிதாக வந்த நோய் பழைய துணையிடம் திரும்பிப் போக வழியில்லை. ஒரே சமயத்தில் இரண்டு இருந்தால் இரு பக்கமும் போகும். துணைகளின் எண்ணிக்கை இரு விதத்திலும் இரண்டுதான்!

அப்புறம், இடம். நோய் பரவும் பாலியல் விடுதியை மூடு என்பதுதான் எங்கும் முதலில் எழும் குரல். தாய்லாந்து வேறு மாதிரி யோசித்தது. 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991இல் நாடு முழுவதும், பாலியல் தொழில் நடக்கும் விடுதிகள் அத்தனையிலும் ஆணுறை கட்டாயம் என்றது. ஒரு விடுதி மட்டும் வற்புறுத்தினால் வாடிக்கையாளர் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவார், எல்லாம் வற்புறுத்தினால் எங்கே போவார்? 1989இல் 14 சதவீதமாக இருந்த ஆணுறைப் பயன்பாடு 1993இல் 94 சதவீதமானதாக அரசுக் கணக்கு சொன்னது. விடுதிகளைக் காவல்துறையை வைத்து நெருக்கியது எனக்கு உவப்பில்லைதான். ஆனால் மூடியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

இடம் என்றால் சுவரும் கூரையும்தான் என்றில்லை. 1999இல் சான்பிரான்சிஸ்கோவில் பரவிய சிபிலிஸைத் துருவிப் போன சுகாதாரத் துறை, ஓர் இணைய சாட் ரூமில் போய் நின்றது. நோயாளிகளுக்குத் தங்கள் துணைகளின் உண்மையான பெயர்கூடத் தெரியாது, கையில் இருந்தவை புனைபெயர்கள் மட்டும். அதனால் அந்த சாட் ரூமுக்குள்ளேயே எச்சரிக்கையைக் கொண்டுபோனார்கள். அதை இழுத்து மூடியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்?