ஆசிரியர்களுக்கு இன்னொரு தன்முனைப்பு உரை வேண்டாம்

இங்கே மலேசியாவில் மே மாதம் வந்தால் போதும், ஆசிரியர் தின வாழ்த்துகளோடு தன்முனைப்பு உரைகளும் சேர்ந்து வந்துவிடும். மண்டபத்தில் உட்காரவைத்து, "உங்களால் முடியும், முதலில் நீங்கள் நம்புங்கள்" என்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுவார். கைதட்டுவோம். நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவோம். மறுநாள் காலையில் அதே வகுப்பு, அதே பிள்ளை, எழுத்துக்கூட்ட முடியாமல் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 'இந்தப் பிள்ளைக்கு என்னால் சொல்லிக்கொடுக்க முடியும்' என்கிற நம்பிக்கை காது வழியாக வருவதே இல்லை. பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறவளாக இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் இதை எப்போதோ ஆராய்ந்து சொல்லிவிட்டார். 1925இல் கனடாவில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றி, 2021இல் மறைந்தவர். பாம்பென்றாலே நடுங்குகிறவர்களை வைத்து அவர் செய்த ஆய்வு பேர்போனது. வேறொருவர் பாம்பைக் கையில் எடுப்பதை வெறுமனே பார்த்தவர்களுக்கும் பயம் ஓரளவு குறைந்தது. ஆனால் பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்களே தொட்டுப் பழகியவர்களுக்குத்தான் நம்பிக்கை நன்றாக ஊன்றியது. 'என்னால் செய்ய முடியும்' என்கிற இந்தத் தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்று 1977இல் எழுதினார். தானே செய்து வென்ற அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இன்னொன்று. பிறர் சொல்லும் ஊக்கம் மூன்றாவது. அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கிற நிலை நான்காவது. எல்லாவற்றிலும் வலுவானது முதலாவது. நாமோ மூன்றாவதற்கே மண்டபம் பிடிக்கிறோம்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவருக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பு. அதில் ஒரு பையன். க, கா, கி எல்லாம் படிப்பான். கெ, கே, கொ வந்தால் அப்படியே நின்றுவிடுவான். டீச்சர் பத்துத் தடவை எழுதச் சொன்னார், நூறு தடவை உரக்கச் சொல்ல வைத்தார். பலன் இல்லை. "எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியலையோ" என்று ஆசிரியர் அறையில் கண்கலங்கினார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க டீச்சர், நீங்க நல்லாத்தான் செய்றீங்க" என்று எல்லாரும் சொன்னோம். அந்தச் சொல் அவர் மனசில் ஒட்டவே இல்லை. ஒட்டாததில் ஆச்சரியமும் இல்லை, பையனுக்குத்தான் இன்னும் படிக்க வரவில்லையே.

அப்புறம் ஒருநாள் பக்கத்து வகுப்பு மூத்த ஆசிரியை, "என் பாடத்துக்கு வந்து பின்னால உட்காரும்மா" என்று கூப்பிட்டார். அந்த வகுப்பிலும் அதே சிக்கலோடு ஒரு பெண்பிள்ளை இருந்தாள். மூத்தவர் ஓர் அட்டையில் 'மேசை' என்று பெரிதாக எழுதி, 'ம'வுக்கு முன்னால் நிற்கிற இரட்டைக் கொம்பைக் கட்டைவிரலால் மறைத்தார். "இப்ப என்ன எழுத்து?" "ம." விரலை எடுத்தார். "இப்ப முன்னால யாரு வந்து நிக்கிறா?" பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "மே" என்றது. விஷயம் இதுதான்: கண் இடமிருந்து வலமாக ஓடும்போது கொம்புதான் முதலில் படுகிறது, ஒலியிலோ மெய்தான் முதலில் வருகிறது. சில பிள்ளைகள் அங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இளையவர் மறுநாள் தன் வகுப்பில் அதையே செய்தார். மூத்தவர் ஓரமாக நின்று பார்த்தார். பையன் முதலில் 'பெட்டி' படித்தான், பிறகு 'தேங்காய்'. பாடம் முடிந்ததும் மூத்தவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது: "அவன் தடுமாறினப்ப நீ விடைய எடுத்துக் கொடுக்காம பொறுமையா நின்ன பாரு, அதனாலதான் அவனே கண்டுபிடிச்சான்." எதைச் சரியாகச் செய்தோம் என்று அந்த ஆசிரியைக்கு அப்போது தெரிந்தது. எங்கள் ஆறுதலால் ஆகாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. காரணம், அது நடந்து முடிந்த ஒன்றைச் சுட்டிக்காட்டியது.

"வீட்டுல கவனிக்கிறதில்ல, நாம மட்டும் என்ன செய்யறது?" இது எல்லா ஆசிரியர் அறையிலும் காதில் விழுகிற பேச்சு. இங்கு மட்டும் இல்லை. 1976இல் அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்ட் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளில் வாசிப்புத் திட்டத்தை ஆராய்ந்தபோது, ஆசிரியர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று கிட்டத்தட்ட இதேதான்: மாணவரின் ஊக்கமும் அடைவும் பெரும்பாலும் வீட்டைப் பொறுத்தவை, ஆசிரியரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்கிறீர்களா? முயன்றால் கடினமான மாணவரையும் எட்ட முடியும் என்று நம்பிய ஆசிரியர்களின் பிள்ளைகள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். வீட்டுச் சூழல் பொய் என்று நான் சொல்லவில்லை. இரவு வேலைக்குப் போகும் அப்பா அம்மா எங்கள் பெற்றோரிலும் நிறையப் பேர். ஆனால் ஒரு பிள்ளையாவது நம் கையால் படித்தது என்று கண்ணால் பார்த்த ஆசிரியர் அந்தப் பேச்சை அவ்வளவு சீக்கிரம் எடுப்பதில்லை.

ஆறாம் ஆண்டு முடிவில் யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு இருந்த காலத்தில் பள்ளி வாசலில் 7ஏ, 8ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தோடு பதாகை தொங்கும். அதுதான் நமக்கு வெற்றியின் அடையாளம். 2021இல் அந்தத் தேர்வை ரத்து செய்துவிட்டார்கள், நல்லதுதான். அந்தப் பதாகை இரண்டாம் ஆண்டு ஆசிரியைக்கு ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. ஆனால் தேர்வின் இடத்தில் வந்த வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலையைப் பதிவதோடு பல பள்ளிகளில் வேலை முடிந்துவிடுகிறது. மூன்று என்று போட்ட பிள்ளை நான்குக்கு எப்படி வந்தது, நீ என்ன செய்தாய் என்று ஆசிரியரை உட்காரவைத்துக் கேட்க ஆள் இல்லை. வகுப்புக்கு மேற்பார்வைக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், படிவம் நிரப்புகிறார்கள், போகிறார்கள்.

பட்டர்வொர்த்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதியாக இருக்கும் என் சின்னம்மா மகளிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். நோயாளிகள் பெரும்பாலும் வாரம் மூன்று முறை வருகிறார்கள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல. கையில் அறுவை செய்து வைத்த இரத்தக்குழாயில் இரண்டு ஊசி போடவேண்டும். இவள் ஊசியோடு போனால், "பழைய மிஸியக் கூப்பிடும்மா" என்பார்களாம். தினம் இதைக் கேட்டால் கை நடுங்காதா? அங்கே அவளைக் காப்பாற்றியது மூத்த தாதி ஒருவர். குழாய் நன்றாகப் பருத்த, ஊசி சுலபமாக இறங்குகிற நோயாளிகளை முதலில் இவளிடம் விட்டிருக்கிறார். தோலுக்கடியில் அதிர்வு எங்கே ஓடுகிறது என்று இவள் விரல்மேல் தன் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். கஷ்டமான கைகள் பிறகுதான் வந்தன.

பள்ளிக்கூடத்தில் நாம் செய்வது நேர்மாறு. புதிதாக வருகிறவர் தலையில் யாரும் விரும்பாத வகுப்பைக் கட்டுகிறோம், கூடவே போட்டி விளையாட்டு, மாணவர் இயக்கம், ஆவணம் என்று மிச்சமிருக்கும் பொறுப்பையும் கொடுக்கிறோம். அமெரிக்காவில் அனிதா வூல்ஃபோக் ஹோயும் உடன் ஆய்வாளரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பயிற்சிக் காலத்தில் ஏறிய இந்த நம்பிக்கை, வேலைக்கு வந்த முதல் வருடத்தில் இறங்கியது. எவ்வளவு ஆதரவு கிடைத்தது என்பதோடு அந்த மாற்றத்துக்குத் தொடர்பு இருந்தது. பணிச்சோர்வைப் பற்றி எழுதிய கிறிஸ்டினா மாஸ்லாக், களைப்பையும் மற்றவர்மேல் வரும் மரத்துப்போன மனசையும் சொன்னதோடு, 'நான் எதையும் சாதிக்கவில்லை' என்ற எண்ணத்தையும் அதன் ஒரு பகுதியாக வைத்தார். பிள்ளைகளிடம் எரிந்து விழும் சில ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த மூன்றாவதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையான பயம் உண்டு. இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு, "பிரச்சினை உங்கள் நம்பிக்கையில்தான்" என்று ஆசிரியரையே குற்றவாளி ஆக்கிவிடலாம். அது அநியாயம். முப்பதுக்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துகிறவருக்கு ஆள் பலம் வேண்டும், அறிவுரை வேண்டாம். சந்தேகமும் தப்பில்லை. 'நான் சொன்னது புரிந்ததா' என்று சந்தேகப்படுகிறவர்தான் மறுநாள் வேறு வழி தேடுகிறார்.

ஆக, தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய திட்டமில்லை. புதியவருக்கு முதல் வருடத்தில் தாங்கக்கூடிய வகுப்பைக் கொடுங்கள். கால அட்டவணை போடும்போதே வாரத்தில் ஒரு பாடவேளை, வெறும் அரைமணி நேரம், அவர் ஒரு சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார ஒதுக்குங்கள். அடுத்த வாரம் அந்த ஆசிரியர் இவர் வகுப்பில் உட்காரட்டும். படிவம் வேண்டாம், புள்ளி வேண்டாம். "அந்த நேரம் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள, ரிலீஃபுக்கு யார் போவது?" என்று கேட்பீர்கள். தெரியும், அதுதான் நிஜமான முட்டுக்கட்டை. எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியர் அந்த அரைமணிக்குத் தானே வகுப்புக்குப் போய்விடுகிறார். பினாங்கில் நம் தமிழ்ப்பள்ளிகள் 28. உங்கள் பள்ளியில் இந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும்.