அளவு மட்டும் போதாது

புதிதாகச் சமைக்க வருபவர்களுக்கு மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ ஒன்றே போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1951-இல் வந்த புத்தகம்; அளவெல்லாம் ஆழாக்கு, பலம் என்று பழைய முகத்தல், நிறுத்தல் கணக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று பாட்டி சொல்லித்தான் எனக்கே தெரியும். இன்றைய பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே முழிப்பார்கள்.

ஆனாலும் வற்றக்குழம்புக்கு நான் இன்றும் அதைத்தான் புரட்டுகிறேன். (என் பிரதியில் அந்தப் பக்கம் முழுக்க நல்லெண்ணெய்க் கறை!) முதல் தடவை அளவு பிசகாமல்தான் செய்தேன். புளி பச்சை வாசனை போகுமுன்னே மாவைக் கரைத்து ஊற்றி இறக்கிவிட்டேன். ஒருத்தரும் இரண்டாம் கரண்டி கேட்கவில்லை. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை பொறுக்க வேண்டும் என்று கை பழகத்தான் வந்தது.

எழுத்தைப் பார்த்துக் கற்றவர்களும் உண்டு. நடிகையும் சமையல் நூலாசிரியருமான மதுர் ஜாஃப்ரி லண்டனில் நடிப்பு படித்தபோது அம்மா கடிதத்தில் எழுதி அனுப்பிய குறிப்புகளை வைத்துத்தான் சமைக்கக் கற்றார். அப்புறம் 1973-இல் முதல் சமையல் புத்தகமே போட்டார். வட இந்தியச் சமையல் பழக அவர் புத்தகங்கள் நல்லவை. சாம்பாருக்கு? சரி, மீனாட்சி அம்மாளேதான். பக்கத்தில் ஒரு அளவுக் கோப்பை இருக்கட்டும்.