உயரம் குறைந்தவர்களுக்கும் பருத்திப் புடவை பொருந்தும்

உயரம் குறைந்த பெண்கள் பருத்திப் புடவையைத் தவிர்த்து, விசேஷங்களுக்குப் பட்டும் அலுவலகத்திற்கு ஜார்ஜெட்டும் வாங்குவதே நல்லது என்று ஒரு கட்டுரையாளர் எழுதிய கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. உயரத்தைக் குறைத்துக் காட்டுவது பருத்தி அன்று. கஞ்சியின் விறைப்பும், முழங்கால் வரை ஏறி நிற்கும் அகன்ற பார்டரும்தான். பெரிய கட்டங்களும் பட்டையான கரையும் கொண்ட காரைக்குடிக் கண்டாங்கி நெடிய உருவத்திற்கு மிக எடுப்பாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால், சிறு புள்ளிகளும் மெல்லிய கரையும் உள்ள மதுரைச் சுங்குடியை இரண்டு முறை அலசி, கஞ்சி போன பின் கட்டினால், கொசுவம் விரியாமல் உடலோடு படிந்து நிற்கும். வெயில் காலத்தில் அலுவலகத்திற்கு அதைவிட இதமான உடை வேறில்லை.

திருமணங்களுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பட்டு தேவையில்லை. இருக்கும் பட்டுக்கு முந்தானை நிறத்தில் ஒன்றும் கரை நிறத்தில் ஒன்றுமாக இரண்டு ரவிக்கைகள் தைத்துக்கொண்டால் போதுமானது. உண்மையில், புடவையின் விலையைவிட ரவிக்கையின் அளவே தோற்றத்தைத் தீர்மானிக்கிறது: தோள் தையல் தோளின் முனையில் அமராமல் கைப்பக்கம் இறங்கிவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பட்டும் இரவல் வாங்கியதுபோல் தெரியும். எனவே, தேர்ந்த தையற்காரருக்குக் கொடுக்கும் கூலியில் தயவுசெய்து சிக்கனம் பார்க்க வேண்டாம்.

புதிதாக வாங்கியே ஆக வேண்டுமெனில், தீபாவளியை ஒட்டிக் கோ-ஆப்டெக்ஸ் கைத்தறிக்கு அளிக்கும் 30 விழுக்காடு தள்ளுபடிக்காகக் காத்திருக்கலாம். புடவையை வாசலருகே பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள்.