அச்சத்தில் பிறந்த பாராட்டு

போன கிழமை அலுவலகத்தில் வருடாந்த மதிப்பீட்டுக் கடிதம் தந்தார்கள். என்னைப் பற்றி ஒரே ஒரு பாராட்டுச் சொல்: மெட்டிகுலஸ். சிறு பிசகும் விடாதவர் என்று பொருள். மகிழ்ச்சிதான். ஆனால் சொல்லுக்குப் பூர்வீகம் விசாரிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. சம்பந்தம் பேச வந்த வீட்டாரைப் போல மூன்று தலைமுறை பின்னால் போய்விடுவேன்.

இலத்தீனில் 'மெட்டுஸ்' என்றால் பயம். அதன் வழி வந்த 'மெட்டிகுலோசுஸ்' பயந்தாங்கொள்ளி. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் ரோமானிய நாடகாசிரியர் பிளவுட்டஸ் எழுதிய நகைச்சுவை நாடகமொன்றில், ஓர் அடிமை துறைமுகத்திலிருந்து இரவில் தனியே வருகிறான். காவலர் பிடித்துச் சிறையில் அடைத்தால் என்ன செய்வேன் என்று புலம்பியபடியே நடக்கிறான். இவனைப் போலப் பயந்தவன் எவனுமில்லை என்று இன்னொரு பாத்திரம் சொல்லுமிடத்தில் வருவது இந்தச் சொல்தான்.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே பயம்தான். பிறகு வழக்கொழிந்து, 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாகத் திரும்பியபோது, அற்ப விடயத்துக்கும் அலட்டிக்கொள்பவரைக் குத்தும் ஏளனமாயிற்று. 1926இல், ஆங்கிலச் சொல்வழக்குக்குக் கையேடு எழுதிய ஃபவுலர் இதைப் பொல்லாத சொல் என்றே திட்டினார். யார் கேட்டார்கள்? இன்று வேலை விளம்பரங்களில் கொடிகட்டிப் பறக்கிறது.

பயத்தைக் குறித்த சொல் கவனத்துக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. இலங்கையின் யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசற்கதவின் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். அடையாள அட்டைப் பிரதிகள், பொலிஸ் பதிவுத் துண்டு, வாடகை உடன்படிக்கை, எல்லாவற்றிலும் ஐந்தைந்து. இரவில் யாராவது கதவைத் தட்டினால் அப்பா முதலில் பையை எடுப்பார், பிறகுதான் சாரத்தைச் சரிசெய்வார். பாண் வாங்கப் புறப்பட்டாலும் "அட்டை எடுத்தாயா?" என்பார் அம்மா.

என் பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஓர் 'எச்' கூடுதல். அடையாள அட்டையில் அது இல்லை. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி முடிக்க அப்பா இரண்டு நாள் லீவு போட்டார். அந்த ஓர் எழுத்தைத் தேடித் தேடித்தான் என் கண் இப்படிப் பழகியது. மேலதிகாரி அதைத் திறமை என்கிறார்.

கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். என் பெயரில் அந்த 'எச்' திரும்பி வந்திருக்கிறது. அடையாள அட்டையில் உள்ளபடி திருத்தித் தருமாறு, அட்டைப் பிரதியையும் இணைத்து, மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.