300 கிலோமீட்டர், 500 கிலோ

சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத உடன்பாட்டால் என்ன பயன் என்று ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. 1992இல் இஸ்ரோவுக்கு நடந்ததைப் பார்த்தால் அந்தக் கேள்வியே மாறிவிடும்.

ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு, சுருக்கமாக எம்டிசிஆர், 1987 ஏப்ரலில் ஜி7 நாடுகள் உருவாக்கியது. அது ஒப்பந்தமே அல்ல. தனிச் செயலகம் கிடையாது. பாரிஸில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம்தான் தாள்களைச் சுற்றுக்கு விடுகிறது. இருப்பது ஒரு வழிகாட்டிக் குறிப்பும் ஒரு பொருள் பட்டியலும்தான். 500 கிலோ சுமையை 300 கி.மீ. கொண்டுபோகும் திறனுள்ள ராக்கெட் முதல் வகை. அதன் அடுக்குகளும் பெரிய எஞ்சின்களும் அதே வகைதான். கேட்டால் மறுப்பதே வழக்கம், அனுமதி அபூர்வம். அவற்றைத் தயாரிக்கும் வசதியை மட்டும் யாருக்கும் விற்கவே கூடாது.

எழுதி ஒட்டியிருக்கும் தூரத்தை நம்பி ஏமாறவும் முடியாது. சுமையைக் குறைத்தால் தூரம் கூடும் என்பதால், அந்தப் பொருளால் அதிகபட்சம் என்ன முடியும் என்றுதான் கணக்குப் போடுவார்கள்.

இதற்குப் பல் முளைப்பது உள்நாட்டுச் சட்டத்தில். அமெரிக்கா 1990இல் இந்தப் பட்டியலைத் தன் தடைச் சட்டத்தோடு இணைத்தது. 1992 மே மாதம், திரவ ஹைட்ரஜனை எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சினையும் அதன் தொழில்நுட்பத்தையும் இஸ்ரோவுக்குத் தர ஒப்புக்கொண்டிருந்த ரஷ்ய விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மோஸ் மீதும் இஸ்ரோ மீதும் இரண்டாண்டுத் தடை விழுந்தது. அப்போது ரஷ்யாவும் இந்தியாவும் எம்டிசிஆரில் இல்லவே இல்லை! 1993இல் ரஷ்யா இறங்கி வந்தது: எஞ்சின் தரலாம், நுட்பம் தரக்கூடாது.

இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். நிரப்பவே மணிக்கணக்காகும், நிரப்பினாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அவசரத்துக்கு ஏவ வேண்டிய போர் ஏவுகணைக்கு அது ஒத்தே வராது. ஆனால் பட்டியல், செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட்டையும் ஏவுகணையையும் ஒரே தட்டில் வைக்கிறது. இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தில் சோதித்துச் சோதித்து, சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட்டான ஜிஎஸ்எல்வி முதன்முதலாக வென்றது 2014 ஜனவரி 5 அன்றுதான். நடுவில் 2010 ஏப்ரலில் ஒரு தோல்வி.

இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து உருவாக்கிய பிரமோஸ் ஏவுகணைக்கு 290 கி.மீ. என்ற எண் வந்ததும் இந்த 300 கோட்டால்தான். ரஷ்யா 1995இல் உள்ளே போய்விட்டது, இந்தியா வெளியே நின்றது. 2016 ஜூனில் இந்தியா உறுப்பினரானது. 2017 மார்ச்சிலேயே நீட்டித்த தூரத்துக்கு பிரமோஸைச் சோதித்தார்கள். 2015இலேயே சேர்ந்திருக்கலாம். அங்கே எல்லாமே ஒருமித்த முடிவு, ஒரு நாடு தலையாட்டாவிட்டாலும் நின்றுவிடும். கேரளக் கடலில் குமரி மாவட்ட மீனவர் உட்பட இருவர் இத்தாலியக் கடற்படையினரால் சுடப்பட்ட வழக்கை மனத்தில் வைத்து இத்தாலி தடுத்ததாக அப்போது பரவலாகச் செய்தி வந்தது.

அப்படியானால் ஏற்பாட்டையே கலைத்துவிடலாமா? கூடாது. பட்டியல் என்பதால் புதிய பொருள் வரும்போது சேர்க்கலாம், திருத்தலாம். ஒப்பந்தமாக இருந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எத்தனை நாடாளுமன்றங்களின் வாசலில் நிற்க வேண்டும்!

அந்த நெகிழ்வைத் தனியாளாகப் பயன்படுத்துவதுதான் ஆபத்து. முதல் வகையில் இருந்த பெரிய ட்ரோன்களில் மணிக்கு 800 கி.மீ.க்குக் குறைவான வேகத்தில் பறப்பவற்றை இனி கட்டுப்பாடு தளர்வான இரண்டாம் வகையாகவே நடத்துவோம் என்று 2020 ஜூலையில் அமெரிக்கா தானாக அறிவித்தது. கூட்டத்தில் ஒருமித்த கருத்து வரவில்லை, அதனால் தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. உறுப்பினரல்லாத சீனா ட்ரோன் சந்தையைப் பிடிக்கிறது என்ற கவலை நிஜமே. ஆனால் அதே வாதத்தை நாளைக்கு ரஷ்யா எடுத்தால் எந்த வாயால் தடுப்பது?

இந்தியா இப்போது மேசையில் உட்கார்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் ராக்கெட்டுக்குத் தனி விதி வேண்டும் என்பதையும், விளக்கத்தை மாற்றுபவர் முதலில் கூட்டத்தில் எழுத்தில் வைக்க வேண்டும் என்பதையும் கேட்க, 1992இன் வலியை அறிந்த இந்தியாவைவிடத் தகுதியான நாடு அங்கே இல்லை.