அந்தப் பிள்ளையில் பிழை சொல்லாதீர்கள்

முல்லைத்தீவு துணுக்காய்ப் பக்கம் வெள்ளத்தில் அழிந்த பயிர்களை, இணையம் இல்லாமலே பிரவுசருக்குள் ஓடும் ஒரு அப்பில் (ஒஃப்லைன் வெப் அப்) தொண்டாகப் பதிந்த ஒரு இளம் பிள்ளையின் டெப்பில் இருந்து இரண்டு கிராமத்துப் பதிவுகள் அழிந்துபோன விசயம்தான் இது. அந்த அப்பைச் செய்தவர் நேற்றுப் போட்ட விளக்கத்தைப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. "எங்கள் மென்பொருளில் பிழையே இல்லை, பாவிக்கத் தெரியாத ஆளிடம் கொடுத்ததுதான் பிழை" என்கிறார். கீழே ஒரே சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் என்னுடைய நண்பர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை என்ன செய்தது? வெள்ளம் வடிய வடிய வரம்பால் நடந்து, யாருக்கு எத்தனை ஏக்கர் அழிந்தது என்று டெப்பில் பதிந்தது. படமும் எடுத்தது. ஒவ்வொரு முறையும் பச்சை எழுத்தில் "சேமிக்கப்பட்டது" என்று காட்டியது, பிள்ளை நம்பியது. டெப் நிரம்பிப் படம் எடுக்க முடியாமல் போனதும் இடம் எடுப்பதற்காகப் பிரவுசர் தரவை அழித்தது. நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். குரோமில் அந்த இடத்தில் குக்கிகளும் தளத் தரவும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதை அழித்தால், அப் தன் பதிவுகளைப் பிரவுசருக்குள் வைக்கிற களஞ்சியமான இன்டெக்ஸ்ட்டிபியும் (IndexedDB) சேர்ந்து போகும். இரண்டு கிராமத்துக் கணக்கு அப்படித்தான் போனது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒஃப்லைனில் ஓடும் வெப் அப் ஒன்று மனிதர்களின் பதிவுகளை வாங்கினால், அவற்றை ஒரு கோப்பாக அவர்கள் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். போனில் டவுன்லோட் போல்டரில் தெரிகிற, பென்டிரைவில் போடக்கூடிய, பக்கத்துக் கடையில் பிரின்ட் எடுக்கக்கூடிய கோப்பு. பிரவுசரின் வயிற்றுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு பச்சை எழுத்துக் காட்டக்கூடாது.

"பிரவுசர் அப்படி விடாது, பாதுகாப்புப் பிரச்சினை" என்று சிலர் வருவார்கள். ஒரு இணையப்பக்கம் தன்பாட்டில் என் போனுக்குள் புகுந்து கோப்புகளை வாசிக்கக் கூடாது என்பது சரி, அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் பாவிப்பவர் தானே ஒரு பட்டனை அழுத்தி "இதை எனக்குத் தா" என்று கேட்டால் எந்தப் பிரவுசரும் தடுக்காது. தரவை ஒரு புளொப் (blob, கோப்புப் போன்ற ஒரு பொட்டலம்) ஆக்கி டவுன்லோட் இணைப்பாகக் கொடுப்பது எத்தனையோ வருடங்களாக இருக்கிற வழி. குரோமும் எட்ஜும் 2020 இலிருந்து கணினியில் இன்னும் ஒரு படி மேலே போய், பாவிப்பவர் தெரிந்தெடுத்த அதே கோப்பைத் திறந்து அதிலேயே எழுத விடுகின்றன. பயர்பொக்ஸில் அது இல்லை. இல்லையென்றால் பழைய டவுன்லோட் இருக்கிறதுதானே? திரும்ப உள்ளே எடுக்க, கோப்புத் தெரிவு செய்யும் சாதாரண இன்புட் போதும். ஒரு பின்னேர வேலை.

இன்னொருவர், பிரவுசருக்குள்ளேயே தளங்கள் கோப்பு வைக்கிற வசதியான ஓபிஎஃப்எஸ் (OPFS) பற்றிக் கருத்துப் போட்டிருந்தார், 2023 இலிருந்து முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறதாம், அதைப் பாவித்திருக்கலாமாம். நல்ல சாமான்தான், வேகமானது. ஆனால் அது அந்தத் தளத்துக்கு மட்டும் சொந்தமான மறைவான இடம். போனின் கோப்புப் பட்டியலில் தெரியாது. தளத் தரவை அழித்தால் அதுவும் அழியும். இந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன பிரயோசனம்?

பிள்ளை எதையும் அழிக்காமல் இருந்திருந்தாலும் உத்தரவாதம் இல்லை. பிரவுசரில் வைக்கும் தரவு, நிரந்தரமாக வை என்று அப் கேட்டு வாங்காத வரை, முடிந்தவரை வைத்திருப்போம் என்ற வகையைச் சேர்ந்தது. இடம் முடிந்தால், கனநாள் திறக்காத தளத்தின் தரவை முழுசாகத் தூக்கிவிடும். அப்பிளின் பிரவுசரான சஃபாரி 2020 இலிருந்து, போனின் முகப்புத் திரையில் நிறுவாத தளத்தை நீங்கள் 7 நாள் தொடாமல் பிரவுசரைப் பாவித்து வந்தால், அந்தத் தளம் எழுதியதை அழிக்கிறது. அப்படி நிரந்தரமாக வை என்று பிரவுசரிடம் கேட்க ஒரு வரி கோட் இருக்கிறது. அந்த அப்பின் மூலக்கோட் திறந்துதான் கிடக்கிறது, தேடிப் பார்த்தேன், அந்த ஒரு வரியும் இல்லை. இந்த நிலைமையில் பாவிக்கத் தெரியாதவர் யார்?

"சேர்வருக்கு சிங்க் பண்ணியிருக்க வேண்டும்" என்பவர்கள் ஒருநாள் ஐயன்கன்குளம் பக்கம் போய் நின்று பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்துக்கென்றுதானே ஒஃப்லைன் அப் கேட்டார்கள்.

கோப்பாகக் கொடுத்தால் அடையாள அட்டை இலக்கமெல்லாம் வெளியே போகும் என்ற கவலை நியாயமானது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கொடுக்கலாம், பிரவுசரிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். 2009 இல் பரந்தன் முல்லைத்தீவு வீதியால் ஓடியபோது அம்மா சட்டி பானையை விட்டார், தையல் மெசினை விட்டார். எங்கள் பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தார். காணி அனுமதிப்பத்திரம் மட்டும் றங்குப்பெட்டியில் தங்கிவிட்டது. செட்டிகுளம் முகாமால் திரும்பி வந்து, அந்த ஒரு கடதாசி இல்லாமல் அப்பா ஏறிய படிகள் எனக்குத் தெரியும். "பத்திரம் எங்கே?" என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்பார்கள். கையில் இல்லை என்றால் உன் காணி உன்னுடையது இல்லை. சாகும்வரை அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

அந்தச் சனத்திடம் போய்ப் படிவம் நிரப்பி வாங்கி, பிறகு "காணவில்லை, நீங்கள்தான் அழித்தீர்கள்" என்கிறீர்கள். வயல் இப்போது காய்ந்துவிட்டது. அழிவைத் திரும்பப் படம் எடுக்க முடியாது. நட்டஈட்டுக்கு அந்தக் கமக்காரர் எதைக் காட்டுவார்? ஒரு பிள்ளையைப் பேர் தெரிய முகநூலில் நிற்பாட்டிச் சிரிக்கிறீர்கள். வன்னிச் சனத்துக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கும் விருப்பக்குறி போட்டிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இலவசமாகத்தானே செய்து கொடுத்தோம்" என்று சொல்வீர்கள். அந்தப் பிள்ளையும் சம்பளமில்லாமல்தான் சேற்றுக்குள் நடந்தது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த போகத்துக்கு முன்னர் அந்த அப்பில் ஏற்றுமதிப் பட்டன் வரவேண்டும், கோப்பு வெளியே எடுக்கப்படாத பதிவுகள் எத்தனை என்று முன்பக்கத்திலேயே சிவப்பில் காட்டவேண்டும். நேரமில்லை என்றால் சொல்லுங்கள், நானே எழுதி அனுப்புகிறேன், காசு வேண்டாம். அதற்கு முதல் நேற்றுப் போட்ட பதிவை எடுங்கள். அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனும் முகநூல் பார்க்கிறார்கள்.